மதிப்பெண் பலகையில் கடைசிப் பெயர்

நெக்ஸ்ட் பொத்தானை எத்தனை வேகமாக அழுத்தலாம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே அந்த வித்தையில் தேறியிருப்பீர்கள். தகவல் பாதுகாப்பு, தீ விபத்து, அலுவலக ஒழுக்கம் என்று கட்டாயப் பயிற்சிகள் வரிசையாக வரும். இடது கையில் போன், வலது கையில் மவுஸ். இருபத்தைந்து நிமிடப் பாடம் நான்கு நிமிடத்தில் முடிந்து சான்றிதழ் வந்துவிடும். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பாடங்களில் பாதியை எழுதியவள் நான்தான். என் எழுத்தை நானே அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று டீமில் கேட்டார்கள். மென்பொருள்களைப் பற்றி எழுதலாமென்றால், நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, கடைசியில் நானும் ஆகிவிட்டேன். அதனால் ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். தவறு என்னுடையது. அதில் பெருமைப்பட வேண்டியதெல்லாம் மற்றவர்களுடையது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நகரத்துக் கோட்டைக்குள் ஒரு பள்ளியில் பதினெட்டு வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்துக்கு வந்தவள் நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். "டீச்சர் யாரப் பாக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினால் கண்ணை விரிப்பார்கள். என் டீம் லீட் என்னைவிடப் பத்து வயது இளையவள். மலையாளிப் பெண், நாகர்கோவில் பக்கம் இன்ஜினீயரிங் படித்தவள். தமிழ் நன்றாகவே பேசுவாள், வாக்கியத்தின் வாலில் மட்டும் மலையாளம் ஒட்டிக்கொண்டு வரும். என்னை அக்கா முறை வைத்துச் சேச்சி என்பாள். வேலையில் நான் யாரிடம் கற்றேன் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு சிறிய கதை. தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் பாடம் செய்து கொடுத்திருந்தோம். ஊழியர்கள் படிக்காமல் ஓட்டிவிடுகிறார்கள் என்று அவர்கள் புலம்பியதால், ஒவ்வொரு பக்கத்திலும் குரல் முழுவதும் ஓடி முடிந்தால்தான் நெக்ஸ்ட் பொத்தான் திறக்கும் என்று பூட்டுப் போட்டேன். குரலும் என் குரல்தான். எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு நாள் நாங்கள் இருவரும் போனோம். ஹாலில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் என் குரலில் பேசிக்கொண்டிருந்தன. மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் தோசைக்கல்லுக்குத் தோசைக்கல் போகிற மாஸ்டர் மாதிரி மேசைக்கு மேசை போய், திறந்த பொத்தானை எல்லாம் அழுத்திக்கொண்டிருந்தார். மற்ற பதினொரு பேரும் கீழே டீக்கடையில். கேட்டால், "இன்னிக்கு என் முறை மேடம்" என்றார். முறை வைத்துப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. லீட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள், "சேச்சி, நம்ம கேட்டது என்ன? கடைசிப் பக்கம் வரைக்கும் வரணும்னு. அவங்க வந்தாச்சு. கேட்டதைத்தானே செஞ்சாங்க, அல்லே?"

இதை நான் அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் வாங்கிக்கொண்டது வேறு. பாடம் விளையாட்டாக இருந்தால் டீக்கடைக்குப் போகமாட்டார்கள் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அதற்கு வாய்ப்பு வந்தது. விழிஞ்ஞம் தாண்டி ஒரு மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை. இறாலை உரித்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அத்தனை குளிருக்கும் அம்மோனியா வாயுதான் ஆதாரம். அது குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல பிள்ளை. கசிந்தால் கண்ணை எரிக்கும், தொண்டையை அடைக்கும், அதிகமானால் ஆளைக் கொல்லும். கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாத் தொழிலாளர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதுவரை நடந்த பயிற்சி என்னவென்றால், சாப்பாட்டு நேரத்துக்கு முன் அரை மணி நேரம் படம் போடுவார்கள், கையெழுத்துத் தாள் முதல் வரிசையிலிருந்து கிளம்பிப் படம் முடிவதற்கு முன்பே கடைசி வரிசைக்குப் போய்விடும்.

நான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். அதை மறைக்க மாட்டேன். நாலு முறை போய்த் தொழிற்சாலை முழுவதையும் படம் பிடித்தோம். டேப்லெட்டைக் கையில் எடுத்தால் அவரவர் வேலை செய்யும் அதே ஹால், அதே மேசை, அதே வழுக்கும் தரை. திடீரென்று மணி அடிக்கும். பச்சைப் புகை கிளம்பும். டைமர் ஓடும். நீங்கள் வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். வந்தால் நூறு மதிப்பெண். வரும் வழியில் மயங்கிக் கிடக்கும் சக தொழிலாளியைத் தூக்கி வந்தால் இன்னும் ஐம்பது. திரும்ப உள்ளே போய் இன்னொருவரைக் கொண்டுவந்தால் இன்னும் ஐம்பது. யார் அதிகம் எடுத்தார்கள் என்று சுவர் டிவியில் பெயர்ப் பலகை ஏறி இறங்கும். 'கேஸ் லீக் ஹீரோ' என்று அதற்குப் பெயரும் வைத்தேன்.

கேன்டீனில் முன்னோட்டம் வைத்த நாளை மறக்க முடியாது. இருபது பேருக்கு டேப்லெட் கொடுத்தோம். ஐந்தாவது நிமிடத்தில் கேன்டீன் சந்தைக்கடையாகிவிட்டது. "அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம்!" என்று கத்துகிறார்கள். பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார்கள். வருஷக்கணக்காகக் கட்டாயப் பயிற்சிகள் எழுதும் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலிடம் ஸ்டெல்லாவுக்கு. கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து தினமும் வேனில் வருகிறவள். அவள் பேக்கிங்கில், அவள் தங்கை சுஜி இறால் உரிக்கிற பீலிங் ஷெட்டில். இரண்டு பேரும் ஒரே வேனில் வந்து ஒரே வேனில் போவார்கள். ஸ்டெல்லா மூன்று முறை உள்ளே போய் மூன்று பேரைத் தூக்கி வந்திருந்தாள். பெயர் பலகையின் உச்சிக்குப் போனதும் சுஜி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தொழிற்சாலை மேனேஜருக்கு வாயெல்லாம் பல். திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். அதற்குள் எல்லாத் தொழிலாளர்களும் விளையாடி முடிக்க வேண்டும், முதலிடத்துக்கு ஒரு குக்கர் பரிசு என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

பலகையின் அடியில் ஒரு பெயர் வெறும் நூறோடு கிடந்தது. கம்ப்ரசர் ஆபரேட்டர். அம்மோனியா ஓடுகிற மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்பவர். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். டேப்லெட்டைத் தொட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பாவமே என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி நகர்த்துவது என்று என் பள்ளிக்கூடக் குரலில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நகத்தத் தெரியும் டீச்சரே" என்றார் பிறகு. "நான் முதல்லயே வெளிய வந்தாச்சு. கொடி எந்தப் பக்கம் பறக்குன்னு பாத்து, காத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள இடத்துல போய் நின்னேன். நின்னு ஆளெண்ணினேன். யாரு வந்தா, யாரு வரல்லன்னு பாக்கணும்லா? அதுக்கு உங்க கேம்ல மார்க்கு ஒண்ணும் இல்லையல்லோ."

"உள்ள மூணு பேரு மயங்கிக் கிடந்தாங்களே?"

"கிடந்தாங்க. அதுக்கு மூச்சுக் கருவி மாட்டின டீம் இருக்கு. முதுகுல சிலிண்டர் இல்லாம நான் போனா நாலாவது ஆளா நானும் கிடப்பேன்." டேப்லெட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார். "முந்தி நான் நின்ன கம்பெனியில ஒருத்தன் உள்ள விழுந்தான். அவனத் தூக்க ஒருத்தன் போனான். அவனத் தூக்க இன்னொருத்தன். மூணு பேரையும் சேத்துத்தான் வெளிய எடுத்தோம். முதல்ல விழுந்தவனுக்கு மட்டும் உயிர் இருந்தது."

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில் ஸ்டெல்லா, அடுத்து விளையாடப் போகிற பெண்களுக்குச் சூட்சுமம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுக்குப் போகப்பிடாது, கேட்டியளா? மணி அடிச்ச உடனே நேரா பீலிங் ஷெட்டுக்கு ஓடணும். அங்கதான் ஆளு கிடக்கும்." பெண்கள் தலையாட்டினார்கள். சுஜியும் ஆட்டினாள்.

பாடத்தின் நான்காவது பக்கத்தில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். 'எக்காரணம் கொண்டும் திரும்ப உள்ளே செல்லக் கூடாது.' தடித்த எழுத்தில், சிவப்பில். எந்தத் தணிக்கையாளர் பார்த்தாலும் தலையாட்டிவிட்டுப் போவார். பக்கம் போகாதே என்றது, மதிப்பெண் போ போ என்றது. அவர்கள் எதைக் கேட்பார்கள் என்று ஆட்டோவில் வைத்தே எனக்கு ஒருத்தி சொல்லியிருந்தாள். உண்மையில் மணி அடிக்கிற நாளில், குக்கர் வாங்கிய கையோடு, ஸ்டெல்லா எங்கே ஓடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் ஓடச் சொல்லிப் பழக்கியிருந்தேன். விளையாட்டு மட்டமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, யாருக்கும் மனதில் தங்கியிருக்காது. அது நன்றாக இருந்ததுதான் ஆபத்து.

லீடைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே ஒரு வழியும் சொன்னேன். என்ன வழி தெரியுமா? ஆரம்பத்தில் ஒரு எச்சரிக்கைப் பக்கம் சேர்த்துவிடலாம், அரை மணி நேர வேலை, திங்கட்கிழமைக்கும் பங்கமில்லை. பயத்தில் இருக்கும்போது மூளை எத்தனை அழகாக மோசமான யோசனைகளைத் தரும் என்று பாருங்கள்.

அவள் டெம்போவில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "சேச்சி, அந்த ஸ்லைடை ஸ்டெல்லா வாசிப்பாளா?"

"மாட்டாள்."

"பின்னே யாருக்காக வைக்கணும்? நம்ம பேர் தப்பிக்கவா?"

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். நேராக மேனேஜரிடம் போய், அத்தனை பேர் முன்னால், "சார், இந்த கேம் தப்பு. இதை உங்களுக்குத் தர முடியாது. தப்பு எங்களோடது" என்றாள்.

எங்களோடது என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடிவமைப்பு முழுவதும் என்னுடையது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மேனேஜர் கொதித்துப் போனார். திங்கட்கிழமை என்ன பதில் சொல்வேன், இத்தனை நன்றாக ஓடுகிறதை எதற்காக நிறுத்த வேண்டும் என்று கத்தினார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அவர் ஆடிய ஆட்டத்தை டிவியில் திரும்ப ஓடவிட்டாள். மணி அடிக்கிறது. அவர் வெளியே வருகிறார். நிற்கிறார். புகை எழுகிறது, டைமர் ஓடுகிறது, அவர் நிற்கிறார். கேன்டீனில் இரண்டு பேர் சிரித்தார்கள். "இவரு மட்டும்தான் இதுல தப்பு செய்யாத ஆளு" என்றாள் லீட். "இவரைக் கடைசியில் கொண்டுபோய் வச்ச கேமை நான் எப்படி உங்க ஆட்களுக்குக் கொடுப்பேன்?" ஆபரேட்டர் தன் பங்குக்கு, "புகை பச்சையும் இல்ல சார். பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது. மூக்குதான் முதல்ல அறியும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டோம்.

மேனேஜர் கெட்டிக்காரர். கோபம் இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டார், அது சரியான கேள்வி. "சும்மா நிக்கிறதுதான் சரின்னா, அதை எவன் விளையாடுவான்?"

அதை நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினோம். திங்கட்கிழமை வந்தது. பயிற்சி முடியவில்லை என்று தணிக்கையாளர்களிடம் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்தார்கள். அறிக்கையில் ஒரு குறை விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் லீடைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்கள். வெளியே வந்தவள், "சேச்சி, டீ குடிப்போமா?" என்று மட்டும் கேட்டாள்.

சும்மா நிற்பதை எப்படி விளையாட்டாக்குவது? இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஓடுவதை, குதிப்பதை, சுடுவதை ஆட்டமாக்க ஆயிரம் வழி இருக்கிறது. நிற்பதற்கு ஒன்றுமில்லை. வழியைக் காட்டியது திரும்பவும் ஆபரேட்டர்தான். நிற்பது சும்மா இல்லை டீச்சரே, உள்ளே நம்ம ஆள் இருக்கும்போது நிற்பதுதான் கஷ்டமான வேலை என்றார். முந்தைய கம்பெனியில் அன்றைக்குத் தன்னையே இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. லீட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய ஆட்டம் இப்படி இருந்தது. தொடங்கும்போதே, உங்களோடு வேலை செய்பவர்களில் உங்களுக்கு மிகவும் வேண்டியவர் யார் என்று பெயர் கேட்கும். மணி அடிக்கும். வெளியே வந்து, காற்றின் திசை பார்த்துச் சரியான இடத்தில் நிற்பீர்கள். திரையில் ஒரு வட்டம் வரும். அதன் மேல் விரலை வைக்க வேண்டும். விரல் இருக்கும்வரை நிற்கிறீர்கள். எடுத்தால் உள்ளே ஓடுகிறீர்கள். அவ்வளவுதான். பிறகு எண்ணிக்கை நடக்கும். ஒரு ஆள் குறையும். அது நீங்கள் சொன்ன பெயர். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்கும். ஆள் எண்ணுகிறவர் உங்களைக் கேட்பார்: வராதது யார்? கடைசியாக எங்கே பார்த்தாய்? எங்கே போவதாகச் சொன்னாள்? விரலை எடுக்காமல் வாயால் பதில் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம். டைமர் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. விரலை எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்றெல்லாம் எழுத்து வராது. எண்ணுகிறவர் குரல் மட்டும் வரும்: "இப்ப ரெண்டு பேரக் காணோம்."

முதல் நாள் ஸ்டெல்லாவையே கூப்பிட்டு உட்கார வைத்தோம். பெயர் கேட்டது. யோசிக்காமல் சுஜி என்றாள். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது, கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிட்டாள். இரண்டு பேரைக் காணோம் என்றது குரல். டேப்லெட்டை மேசையில் தள்ளிவிட்டாள்.

"இது என்ன கேமு டீச்சர்? எனக்க தங்கச்சிய உள்ள விட்டுட்டு நிக்கவா சொல்லுதிய? மனசில்லாதவியளுக்குள்ள கேமு இது." கண்ணெல்லாம் நீர். "முந்தினதுதான் நல்லா இருந்து."

இந்தக் கேள்வியை ஒருவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிசிக்ஸ் வகுப்பில் யாரையும் நான் இப்படி அழவைத்ததில்லை. நான் அந்தப் பெயர் கேட்கிற பகுதியை எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆபரேட்டர் முந்திக்கொண்டார். மகளைக் கூப்பிடுகிற மாதிரி அவளிடம் இரண்டே வாக்கியம்தான் சொன்னார்: "நீ உள்ள போனா, டீம் உன்னையும் தேடணும் மக்களே. அவளத் தேடற நேரம் பாதியாப் போச்சு."

அவள் எழுந்து போனாள். வேலை முடிந்து வேன் கிளம்புகிற நேரத்தில் திரும்பி வந்தாள். டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு இன்னும் ஒரு முறை, மறுநாள் இரண்டு முறை தோற்றாள். ஐந்தாவது முறை மூன்று நிமிடமும் விரலை எடுக்கவில்லை. நகம் வெளுத்துப்போயிருந்தது. யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த சுஜி அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு துணிவை அதற்கு முன் நான் எந்தப் பயிற்சி அறையிலும் பார்த்ததில்லை.

தொழிற்சாலை முழுவதும் அதை ஆடி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. குக்கரை மேனேஜர் கேன்டீனுக்கே கொடுத்துவிட்டார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மெஷின் ரூமுக்கு வெளியே ஒரு வால்வு விட்டுப்போய் அம்மோனியா கசிந்தது. நான் அங்கே இல்லை. ஆபரேட்டர் சொல்லித்தான் தெரியும். மணி அடித்தது, எல்லாரும் வெளியே வந்தார்கள், காற்றைப் பார்த்து வடக்கு மூலையில் நின்றார்கள். அவர் மெஷின் ரூமிலிருந்தே மெயின் வால்வை அடைத்துவிட்டு வந்து பட்டியலை எடுத்து எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. சுஜி.

செய்தி கேட்ட அன்று சுஜி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துக்கொள்வாள், கண்ணும் தொண்டையும் ஆறக் கொஞ்ச நாளாகும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, கொல்லங்கோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். லீடும் வந்தாள். சுஜி கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா எங்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"காலு ரெண்டும் ஓடிட்டு டீச்சர். ரெண்டு எட்டு வச்சேன். அப்ப அவரு கேக்காரு, கடைசியா எங்க பாத்தன்னு. பீலிங் ஷெட்டுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்பத்தான் ஓர்மை வந்து. ஐஸ் எடுத்துட்டு வாறேன்னு கூடையும் தூக்கிட்டு எனக்க முன்னாலதான் போனா. ஐஸ் ரூமு, ஐஸ் ரூமுன்னு கத்தினேன். சிலிண்டர் மாட்டினவிய நேரா அங்க போனாவ. கதவப் பூட்டி, ஈரத் துணிய மூஞ்சில கட்டி, தரையில கிடந்திருக்கா."

குனிந்து தங்கையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் ஓடியிருந்தா பீலிங் ஷெட்டுக்குத்தான் ஓடியிருப்பேன். அவ அங்க இல்ல."

லீட் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நன்றி கேட்டு அவள் நிற்கவில்லை. அவளுக்கு என்னிடம் ஒரு புகார் இருந்தது.

"உங்க கேம்ல ஒரு தப்பு இருக்கு டீச்சர். மூணு நிமிஷம் வச்சிருக்கிய. அவளக் கொண்டுவர பதினோரு நிமிஷம் ஆச்சுன்னு அவரு சொன்னாரு. மூணு நிமிஷம் கழிஞ்சதும் முடிஞ்சிரும்னு எனக்க மனசு நெனச்சிட்டு. முடியல்ல. அதுக்குப் பொறவு உள்ளதுதான் டீச்சர் கஷ்டம். அப்பத்தான் நான் திரும்ப ஓடப் பாத்தேன், நாலு பேரு சேந்து பிடிச்சாவ. அத மாத்துங்க."

அடுத்த வாரமே மாற்றினோம். இப்போது அந்தப் பாடம் பதினொரு நிமிடம். இன்னும் ஐந்தாறு தொழிற்சாலைகளில் ஓடுகிறது, இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நீங்கள். பாதியில் சலிப்பாக இருக்கிறது, யாரும் இவ்வளவு நேரம் விரலை வைத்துக்கொண்டு உட்காரமாட்டார்கள், பாதியாகக் குறையுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மேனேஜர் எழுதுவார். மரியாதையாகப் பதில் எழுதுங்கள். குறைக்காதீர்கள்.